அஞ்சு பாட்டில், ஒரே ஆள்

எனக்கு ஒண்ணும் இல்லாதப்பவே நான் ஆஸ்பத்திரியில படுத்தேன். வலி இல்ல. காய்ச்சல் இல்ல. நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன். அப்படிப்பட்ட ஆளை ஆறு நாள் படுக்க வெச்சாங்க. அதைத்தான் எழுதறேன்.

என் பேர் ஏழுமலை. பஸ் டிரைவர். புனேயில, வாகட்டுல இருந்து ஹிஞ்சவாடிக்கு ஐ.டி. ஆளுங்களை ஏத்திட்டுப் போற வண்டி. பதினாறு வருஷமா ஓட்டறேன். படிப்பு ஏழாவது வரைக்கும், அதுவும் திருவண்ணாமலை பக்கம். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

எங்க டிப்போவுல வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் நடக்கும். பந்தல் போடுவாங்க. எடை, கண்ணு, பிரஷர், அப்புறம் ஒண்ணுக்கு டெஸ்ட். முன்னாடியெல்லாம் அது பேருக்குத்தான். பிரஷர் பார்க்கிறவர் பட்டையைக் கையில சுத்துவார், காத்து அடிக்க மாட்டார். எல்லாருக்கும் நூத்தி இருபது, எண்பதுன்னு எழுதுவார். ஒண்ணுக்குல மட்டும் குச்சியை முக்குவாங்க. சர்க்கரை தெரிஞ்சா "அன்ஃபிட்". அன்ஃபிட்னா ஸ்டியரிங் கிடையாது. ஸ்டியரிங் இல்லன்னா வீட்டுக்குப் போகணும்.

அதனால எங்கிட்ட வந்தாங்க.

நான் குடிக்கிறதில்ல. பீடி, புகையிலை இல்ல. ஸ்வீட் தொட மாட்டேன். சுத்தமான ஆள்னு பேரு. முதல்ல கேட்டது ஷிண்டே. அதே ரூட்ல வேற வண்டி ஓட்டறவன், மராட்டிக்காரன். இங்க தமிழ் ஆளுன்னா யாரையும் அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. "அண்ணா, எனக்கும் ஒரு பாட்டில் ரொப்பிக் குடு"ன்னான். சிரிச்சிட்டே குடுத்தேன். அடுத்த வருஷம் மூணு பேர் ஆச்சு. அப்புறம் நாலு பேர். என்னோடது சேர்த்து அஞ்சு பாட்டில்.

மெடிக்கல் அன்னிக்கு மட்டும் காலையில ரெண்டு சொம்பு தண்ணி குடிப்பேன். மத்த நாள்ல குடிக்க மாட்டேன். காரணம் இருக்கு. ஹிஞ்சவாடி டிராஃபிக்ல மாட்டினா ரெண்டு மணி நேரம். நடுவுல வண்டியை நிறுத்த முடியாது. கடைசி ஸ்டாப்புல கக்கூஸ் கிடையாது. உள்ள போகணும்னா கார்டு வேணும், டிரைவருக்குக் கார்டு இல்ல. தண்ணி குடிச்சா இறங்கணும், இறங்க இடம் இல்ல, அதனால குடிக்கிறதில்ல. டிரைவருங்க எல்லாருமே அப்படித்தான்.

வண்டி கழுவற இடத்துக்குப் பின்னாடி போய் அஞ்சு பாட்டிலும் ரொப்புவேன். மெடிக்கல் முடிஞ்சதும் நாலு பேரும் சேர்ந்து எனக்கு மிசல், அதான் பயறுக் குழம்பும் பாவ் ரொட்டியும், வாங்கித் தருவாங்க. "டேங்கர்"னு பேரு வெச்சாங்க. ஷிண்டேதான் வெச்சான். எனக்கும் பெருமையாத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

போன வருஷம் புது டாக்டர் வந்தாங்க. பொம்பள டாக்டர், நாப்பது வயசு இருக்கும். தானே பட்டையைச் சுத்தி, தானே காத்து அடிச்சாங்க. எனக்கு அடிச்சிட்டு ஒரு தடவை பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சு மறுபடி அடிச்சாங்க. நூத்தி அறுபது, நூறு. எழுதிக்கிட்டாங்க.

ஒரு மணி நேரம் கழிச்சு எங்க அஞ்சு பேரையும் கூப்பிட்டாங்க. மேஜை மேல அஞ்சு குச்சி வரிசையா இருந்தது. ஒவ்வொண்ணுலயும் சின்னச் சின்னக் கட்டம், கலர் கலரா. ஒரு கட்டம் மட்டும் அஞ்சுலயும் ஒரே பச்சை.

அவங்க இந்தியில கேட்டாங்க. "நீங்க அஞ்சு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா?"

ஷிண்டே சும்மா இருக்க மாட்டான். "அண்ணன் தம்பி மாதிரிதான் மேடம்"னான்.

"மாதிரி இல்ல. அஞ்சும் ஒரே ஆள்."

வெளிய வண்டி ரிவர்ஸ் எடுக்கற சத்தம் மட்டும் கேட்டது.

அவங்க கோபப்படல. குச்சியைக் காட்டிச் சொன்னாங்க. "இது சர்க்கரை இல்ல. புரதம். ஒண்ணுக்குல புரதம் வரக் கூடாது. வந்தா கிட்னி ஒழுகுதுன்னு அர்த்தம். அந்த ஆளுக்கு வலி இருக்காது. நல்லா இருக்கேன்னு நெனச்சிட்டிருப்பான். இப்படியே விட்டா கொஞ்ச வருஷத்துல டயாலிசிஸ் மெஷினுக்கு வருவான். உங்களை வேலையை விட்டு எடுக்க நான் வரல. அந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும்."

நான் தரையைப் பார்த்தேன். எனக்கு நுரை ஞாபகம் வந்தது. எட்டு மாசமா ஒண்ணுக்குல நுரை. சோப்புத் தண்ணி மாதிரி நிக்கும். வேகமா போறதால வருதுன்னு நெனச்சிட்டிருந்தேன். சரோஜாகிட்ட, அதான் என் சம்சாரத்துகிட்ட, சொல்லக்கூட இல்ல. இதையெல்லாம் பொண்டாட்டிகிட்ட சொல்வாங்களா.

"எல்லாம் என்னோடது"ன்னேன்.

ஷிண்டே என்னைப் பார்த்தான். அப்ப அவன் சிரிக்கல.

அப்புறம் ரத்தம் எடுத்தாங்க, அஞ்சு பேருக்கும். ரத்தத்தை மாத்த முடியாது.

என் ரத்தத்துல கிரியாட்டினின்னு ஒண்ணு கூட இருந்தது. அது உடம்போட கழிவு. கிட்னிதான் அதை வடிகட்டி வெளிய தள்ளும். வடிகட்டி மந்தமானா அது ரத்தத்துலயே தங்கும். எவ்வளவு தங்குதுன்னு பார்த்தா வடிகட்டி எவ்வளவு மந்தம்னு தெரியும். எனக்குக் கொஞ்சம்தான் கூட. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க.

வீட்டுல சொன்னேன். சரோஜா மாவு பிசைஞ்சிட்டிருந்தா. கையை நிறுத்தல.

"இன்னாங்க, வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி?"

"வலிக்கறதுக்கு முன்னாடி போகணுமாம்."

கொஞ்ச நேரம் பிசைஞ்சா. "நாளைக்கே போலாம்"னா.

மக கீதா கூட வந்தா. அவ இங்கயே பொறந்து வளர்ந்தவ. தமிழ் பேசுவா, நடுவுல இந்தி வரும். "பப்பா, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கறேன்"னா. ஃபைல் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கினா.

கிட்னி டாக்டரைப் பார்க்க உக்கார்ற இடம் ஒரு நீள வராந்தா. அதோட கடைசியில ஒரு கண்ணாடிக் கதவு. உள்ள மெஷின் வரிசை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஆள் படுத்திருந்தாங்க. குழாயில ரத்தம் போய்ட்டு வந்துட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காம உக்காந்தேன். ஆனா பக்கத்துல வந்து உக்காந்தவர் அங்க போகத்தான் வந்திருந்தார். என் வயசுதான். சாப்பாட்டு டப்பாவை மடியில வெச்சிருந்தார். பெயின்ட் வேலை பார்த்தவராம்.

"வாரத்துக்கு மூணு நாள்"னார். "நீங்க?"

"முதல் தடவை. எனக்கு ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் நல்லாத்தான் இருந்தேன்"னார். "நுரை வந்தது. சூடுன்னு நெனச்சேன். மோர் குடிச்சேன். அப்புறம் கால் வீங்கிச்சு. வாந்தி நிக்கலன்னு வந்தேன். அன்னிக்கே மெஷின்ல போட்டாங்க." கூப்பிட்டதும் எழுந்தார். போகும்போது என் தோளைத் தட்டினார். "நீங்க சீக்கிரம் வந்திருக்கீங்க. நல்ல விஷயம்."

எனக்கு அதுவரைக்கும் பயம் இல்ல. அப்ப வந்தது. கீதா கையைப் பிடிச்சேன். பிடிச்சது எனக்கு ஞாபகம் இல்ல. அவதான் அப்புறம் சொன்னா.

கிட்னி டாக்டர் வயசானவர். அதிகம் பேச மாட்டார். எனக்குப் பிடிச்சது.

"முதுகு வலிக்கு மாத்திரை போடுவியா?"

"போடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஒம்பது வருஷமா. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. சாயங்காலம் ஒண்ணு."

அவர் பேனாவைக் கீழ வெச்சார். அந்த மாத்திரை கிட்னிக்கு விஷம் மாதிரின்னார். தண்ணி குடிக்காம அதைப் போட்டா இன்னும் மோசம். மெடிக்கல் ஷாப்ல யாரும் கேட்டதில்ல. டிரைவர்னு சொன்னாலே அட்டையை எடுத்து நீட்டுவாங்க.

ஆனா இவ்வளவு புரதம் போறதுக்கு மாத்திரை மட்டும் காரணமா இருக்காதாம். பயாப்ஸி பண்ணணும்னார். முதுகுல ஊசி விட்டு, கிட்னியில இருந்து நூல் மாதிரி ஒரு துண்டு எடுக்கறது. எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க.

ரெண்டு நாள்னு சேர்த்தாங்க. ஆறு நாள் ஆச்சு.

குப்புறப் படுக்க வெச்சாங்க. வயித்துக்குக் கீழ தலகாணி. மரத்துப் போற ஊசி போட்டாங்க. "மூச்சைப் பிடி"ன்னாங்க. டக்னு ஒரு சத்தம், ஸ்டேப்ளர்ல பேப்பருக்குப் பின் அடிக்கற மாதிரி. மறுபடி ஒரு டக். அவ்வளவுதான். அப்புறம் மல்லாக்கப் படுக்கணும். எழுந்திருக்கக் கூடாது, புரளக் கூடாது.

ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போனதையும் ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் எடுத்து, பிளாஸ்திரி ஒட்டி, நேரம் எழுதி, ஜன்னல் திண்டுல வரிசையா வெச்சாங்க. உள்ள ரத்தம் கசியுதான்னு பார்க்கறதுக்கு. கலர் தெளிஞ்சிட்டே வரணும்.

எனக்குத் தெளியல. முதல் பாட்டில் டீ கலர். ரெண்டாவது சிவப்பு. மூணாவது அதைவிடச் சிவப்பு. நர்ஸ் பார்த்துட்டு வேகமா போனாங்க. வேகமா போற நர்ஸைப் பார்க்கக் கூடாது. பயம் அங்கதான் இருக்கு. ஸ்கேன் எடுத்தாங்க. ஊசி போன இடத்துல ரத்தம் கட்டியிருக்கு, சில பேருக்கு ஆகும், தானா நிக்கணும், நிக்கலன்னா வேற வழி பார்க்கலாம்னாங்க.

சரோஜா ஜன்னலைப் பார்க்கற மாதிரி உக்காந்திருந்தா. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா. என் காலை அமுக்கி விட்டா. 

மறுநாள் மத்தியானம் ஷிண்டே வந்தான். அவன் பொண்டாட்டி உப்பில்லாத சோள ரொட்டி, பாக்கிரின்னு சொல்வாங்க, சுட்டுக் குடுத்திருந்தா. டப்பாவை வெச்சிட்டு ஜன்னலைப் பார்த்தான். அப்ப ஆறு பாட்டில் இருந்தது.

"அண்ணா, இதுல என்னோடது எது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிச்சா முதுகு இழுக்கும். "சிரிக்க வெக்காதடா"ன்னு தமிழ்ல திட்டினேன். சரோஜாவும் சிரிச்சா. ஸ்டூலை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பினா.

அப்புறம் அவன் கட்டில்ல உக்காந்து ஷூவைக் கழட்டினான்.

"சர்க்கரைக்காக மேடம் என் காலை டெஸ்ட் பண்ணாங்க. மீன் பிடிக்கற தூண்டில் நரம்பு இருக்கில்ல, அது மாதிரி ஒண்ணு. உள்ளங்கால்ல குத்தி, குத்தறது தெரியுதான்னு கேட்டாங்க. கண்ணை மூடிட்டிருந்தேன். எப்ப குத்தப் போறாங்கன்னு காத்துட்டிருந்தேன். அவங்க பத்து தடவை குத்தி முடிச்சிட்டாங்க."

"எந்தக் கால்?"

"ரெண்டும். வலதுதான் மோசம்."

வலது கால்தான் பிரேக்.

"அப்ப எப்படிடா மிதிச்ச?"

"பழக்கத்துல."

அவன் வண்டியில நாப்பத்திரண்டு சீட்டு. காதுல ஒயரை மாட்டிக்கிட்டுத் தூங்கிட்டே வர்ற பசங்க. எல்லாரும் வீட்டுல ஒரு அம்மாவோ பொண்டாட்டியோ இருக்கற ஆளுங்க. நாலு வருஷமா அவனுக்கு பாட்டில் குடுத்தது நான். உதவி பண்றேன்னு நெனச்சேன். அவன் சர்க்கரையை என் ஒண்ணுக்குல மறைச்சிட்டிருந்தோம், என் கிட்னி ஒழுகறது அஞ்சு பாட்டில்லயும் போயும் எனக்கே தெரியல.

அதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஷூவை மாட்டிட்டுப் போனான்.

மூணாவது நாள் சாயங்காலம் வெச்ச பாட்டில் ரோஸ். நாலாவது நாள் காலையில வெச்சது வெளிர் மஞ்சள். நர்ஸ் அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, சரோஜாகிட்ட காட்டினாங்க. சரோஜா அதைக் கும்பிட்டா. ஒண்ணுக்கைக் கும்பிட்ட பொம்பள உலகத்துல அவ ஒருத்தியாத்தான் இருப்பா.

ரிப்போர்ட் வந்தது. நம்ம உடம்பு நோயை எதிர்க்க உண்டாக்கற ஒரு பொருள், வழி தவறிப் போய் கிட்னி வடிகட்டியில ஒட்டிக்குது. ஒட்டின இடம் புண்ணாகுது. யாருக்கு ஏன் வருதுன்னு சரியாத் தெரியாதாம். அது ஒரு பக்கம். பிரஷர் ஒரு பக்கம். வலி மாத்திரை ஒரு பக்கம். மூணும் சேர்ந்து தள்ளியிருக்கு.

"குணமாகுமா சார்?"ன்னேன்.

"குணம்னு சொல்ல மாட்டேன்"னார். "தழும்பு விழுந்தது திரும்பாது. ஆனா உனக்கு விழுந்தது கொஞ்சம். நல்லா இருக்கறது நிறைய. அந்த நிறைய இருக்கறதை இருபது வருஷம் கழிச்சும் அப்படியே வெச்சிருக்கணும். உன் வேலையும் அதுதான், என் வேலையும் அதுதான்."

எனக்குப் புரிஞ்சது. பஸ்ஸுக்கு இத்தனை கிலோமீட்டர்னா ஆயில் மாத்தறோம், ஃபில்டர் மாத்தறோம். வண்டி நடுரோட்டுல நிக்கட்டும்னு யாரும் காத்திருக்கறதில்ல. நின்ன வண்டியைத் தூக்கிட்டு வர்ற செலவு, ஆயில் செலவைவிட எத்தனை மடங்குன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா ஓட்டற ஆளுக்கு மட்டும், நிக்கட்டும் பார்க்கலாம்னு இருந்துட்டோம்.

ஒரு பிரஷர் மாத்திரை குடுத்தாங்க. அது வடிகட்டி மேல விழற அழுத்தத்தையும் குறைக்குமாம். வலி மாத்திரை ஒழிஞ்சது. வண்டி ஓட்டறப்ப முதுகுக்குப் பின்னாடி அண்டக் கொடுக்கத் துணி சுருட்டி ஒரு திண்டு தெச்சுக் குடுத்தா சரோஜா. உப்பு பாதி. ஊறுகாய், அப்பளம், கருவாடு நின்னுது. எனக்கு மட்டும் தனியா சமைக்கல அவ. வீட்டுக்கே உப்பைக் குறைச்சிட்டா. கீதா முதல் வாரம் மூஞ்சியைச் சுளிச்சா. ரெண்டாவது வாரம் வெளிய பஜ்ஜி சாப்பிட்டு வந்து, "அங்க ரொம்ப உப்பு பப்பா"ன்னா.

பில்லுல பாதி கம்பெனி இன்ஷூரன்ஸ் கார்டுல போச்சு. மீதிக்கு சீட்டு எடுத்தோம். மெஷினுக்குப் போயிருந்தா எந்தச் சீட்டும் பத்தாது. அதை நெனச்சுக்குவேன்.

டாக்டரம்மா டிப்போ மேனேஜரைப் போய்ப் பார்த்தாங்க. நானும் கூட நின்னேன். "நோய் தெரிஞ்சா வேலை போகும்னா யாரும் காட்ட மாட்டாங்க. நீங்க எத்தனை கேம்ப் போட்டாலும் பாட்டில் மாறும். ஸ்டியரிங்கை எடுங்க, வேலையை எடுக்காதீங்க"ன்னாங்க. மேனேஜர் முதல்ல ஒத்துக்கல. ஒரு ஆள் பிரேக் கால் மரத்துப் போய் நாப்பத்திரண்டு பேரை ஏத்தினான்னு சொன்னதும் தண்ணி கேட்டார். ரெண்டு மாசம் இழுத்தார். அப்புறம் ஒத்துக்கிட்டார். பிரஷர், சர்க்கரை அடங்கற வரைக்கும் டிப்போக்குள்ள வேலை, அடங்கினா வண்டி.

கடைசி ஸ்டாப்புல எங்களுக்கு ஒரு கக்கூஸும் வந்தது. கேனுல தண்ணியும் வந்தது. டாக்டர் குடுத்தது மாத்திரை. மேனேஜர் குடுத்தது கக்கூஸ். ரெண்டும் மருந்துதான்.

எல்லாம் நல்லபடியா முடியல. நாலு பேர்ல ஒருத்தன் ரிசல்ட் வாங்காமயே வேற கம்பெனிக்குப் போய்ட்டான். அங்க யார் பாட்டில்ல ஓடறானோ தெரியல. ஷிண்டேவுக்கு சர்க்கரை அடங்கிடுச்சு, கால் உணர்ச்சி திரும்பல. அவன் இனிமே ஓட்ட முடியாது. டிப்போவுல டிரிப் ஷீட் எழுதறான். "ஸ்டியரிங் போச்சு, கால் இருக்கு அண்ணா"ங்கறான்.

நான் மூணு மாசம் கழிச்சு வண்டி எடுத்தேன். கிரியாட்டினின் அதே இடத்துல நிக்குது. ஏறல. ஏறாம இருக்கறதுதான் எனக்கு ஜெயிக்கறது.

இந்த வருஷ மெடிக்கல் போன வாரம் நடந்தது. காலையில வண்டி கழுவற இடத்துக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னுட்டிருந்தார். செல்வம்னு பேரு, கோயம்புத்தூர் பக்கம், சேர்ந்து ரெண்டு மாசம். என்னைவிடப் பெரியவர்.

"ஏனுங்க, டேங்கருங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமா."

அவர் அக்கம் பக்கம் பார்த்தார். "எனக்குச் சக்கரை இருக்குதுங்க. பழைய கம்பெனியில இதுக்குத்தான் அனுப்பிட்டாங்க. ஒரு பாட்டில் கெடச்சா..."

"தரேன்"னேன்.

கையில இருந்த காலி பாட்டிலைக் குடுத்தேன். என் தண்ணி சொம்பையும் குடுத்தேன். "குடிங்க. குடிச்சிட்டு நீங்களே பிடிங்க."

"வேலை போயிருமுங்க."

பந்தல்ல உக்காந்து பேர் எழுதிட்டிருந்த ஷிண்டேயைக் காட்டினேன். "அவனுக்கு உங்களைவிட மோசம். போச்சா பாருங்க."

அவர் ஷிண்டேயையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் யாரையோ மராட்டியில திட்டிட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தான். செல்வம் சொம்பைத் தூக்கிக் குடிச்சார். நின்னுகிட்டே முழுசும் குடிச்சார்.

அவர் திரும்பி வந்ததும் வரிசையில எனக்கு முன்னாடி நிக்க வெச்சேன். பின்னாடி நான் நின்னேன். கையில பாட்டில். ஒண்ணே ஒண்ணு.